உடும்பு மாசிலாமணிக்கு வழியனுப்பு விழா

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதற்குக் கால்பந்து பிடிக்காது. ஆகவே அதை இத்தோடு விட்டுவிடுவோம்.

அதே காட்டில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், மூங்கிலடி கால்பந்து கிளப் என்று ஒன்று இருந்தது. மூங்கில் புதரை ஒட்டி ஒரு மைதானம், இரண்டு கோல் கம்பங்கள், பேச்சுக்கு ஒரு மேடை, தலைவர் பதவியில் ஓர் ஆமை. ஆமை எப்போது தலைவரானது என்று யாருக்கும் நினைவில்லை. தோல்விகளுக்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்யப்போவதாகச் சொல்லிவிட்டு அது மேடையை நோக்கிக் கிளம்பியது மட்டும் நினைவிருக்கிறது. இன்னும் போய்ச் சேரவில்லை.

கிளப் ஜெயித்து வெகுநாளாகியிருந்தது. ஆனாலும் கூட்டம் வந்தது. காரணம் கோல்கீப்பர் மாசிலாமணி. அவர் ஓர் உடும்பு. பந்து அவர் கைக்குப் போனால் போனதுதான். ஆட்டம் முடிந்த பிறகும் அதை அவர் நகங்களிலிருந்து கழற்றத் தனியாக ஆள் வேண்டும். கதைகளில் மிருகத்தை 'அது' என்று சொல்வதுதான் வழக்கம். ஆனால் மூங்கிலடி ரசிகர்கள் மாசிலாமணியை 'அவர்' என்றுதான் சொல்வார்கள். அவர்களோடு எனக்கு எதற்கு வம்பு, நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்த வருடத்தின் கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை நடக்க இருந்தது. எதிராளி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து எதிர்க்கரை யுனைடெட். ஜெயித்தால் மூங்கிலடி லீகில் நீடிக்கலாம். டிரா ஆனால்கூட கிளப் கலைக்கப்படும், மைதானத்தைக் காட்டுப்பன்றிகள் கிழங்கு தோண்ட எடுத்துக்கொள்ளும். பன்றிகள் ஏற்கெனவே ஒருமுறை வந்து மூக்கால் அளந்துவிட்டுப் போயிருந்தன. மாசிலாமணி முட்டையை விட்டு வெளியே வந்ததே வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் புற்றில்தான். குடியிருப்பதும் அதில்தான். அந்த மண்ணில் பன்றி மூக்கை நுழைப்பதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. உயிரைக் கொடுத்தாவது ஒரு பந்தையும் உள்ளே விடக் கூடாது என்று இருந்தார்.

திங்கட்கிழமை அவர் ஆற்றைக் கடந்து வழங்கல் அலுவலகத்துக்குப் போனார். அவருடைய ரேஷன் கார்டில் 'பல்லி' என்று அச்சடித்திருந்தார்கள். பல்லிக்கு என்ன அளவோ அதுதான் அவருக்கும் கிடைத்துவந்தது. திருத்தச் சொல்லி மனு கொடுக்க வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு நீர்நாய் நின்றது. அது எதிர்க்கரை யுனைடெட்டின் செயலாளர். அதற்குக் கார்டில் 'நாய்' என்று மட்டும் போட்டிருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை வரிசை நகரவில்லை. ஆகவே இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அரிசியில் கல் அதிகம் என்று ஒருவர் சொல்ல, பாமாயில் வருவதே இல்லை என்று மற்றவர் சொன்னார். ஐந்து மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். மாசிலாமணி பல்லியாகவே வீடு திரும்பினார்.

இதை மேலே ஒரு மின்கம்பியில் உட்கார்ந்து ஒரு கரிச்சான் குருவி பார்த்துக்கொண்டிருந்தது.

மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சேற்றுக்குட்டை உண்டு. மூங்கிலடி ரசிகர்கள் கூடுவது அங்கேதான். குட்டைக்குள் எருமை செங்கமலம் படுத்திருக்கும். கரையில் ரசிகர் மன்றத் தலைவரான முள்ளம்பன்றி தவசி உட்கார்ந்திருக்கும். தவசிக்குக் கால்பந்து என்றால் உயிர். ஆனால் பந்தைத் தொட அதற்கு அனுமதி இல்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கரிச்சான் வந்து மூங்கிலில் உட்கார்ந்தது.

"மாசிலாமணி எதிர்க்கரைக்குப் போறாரு," என்றது.

"எதுக்கு?" என்றது செங்கமலம்.

"எதுக்குன்னா? டிரான்ஸ்ஃபர்தான். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அந்த நீர்நாய்கூட நின்னு பேசினாரு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"ரேஷன் ஆபீஸ் வரிசையிலயா?"

"வரிசை முன்னாடியும் இருந்துச்சு, பின்னாடியும் இருந்துச்சு. நான் நடுவுல இருந்த ரெண்டு பேரை மட்டும்தான் கவனிச்சேன்."

தவசியின் முட்கள் எழுந்து நின்றன. "என்ன பேசினாங்க?"

"அது காதுல விழல, நான் உசரத்துல இருந்தேன்ல. ஆனா மாசிலாமணி நாக்கை நீட்டி நீட்டிப் பேசினாரு. பேரம் பேசுறப்பதான் நாக்கு அப்படி நீளும்."

உடும்பு எப்போதுதான் நாக்கை நீட்டாமல் இருந்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

"அவரையே ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன?" என்றது செங்கமலம். அதற்கு அடிக்கடி இப்படிச் சில நல்ல யோசனைகள் வரும். யாரும் எடுத்துக்கொள்வதில்லை என்பதால் அதுவும் வற்புறுத்துவதில்லை.

"கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாரு," என்றது தவசி. "போறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. போன வருஷம் மான்கூட கடைசி நாள் வரைக்கும் போகலைன்னுதான் சொல்லிச்சு."

"மான் எங்க போச்சு? அதைச் சிறுத்தை அடிச்சிடுச்சுப்பா."

"எப்படியோ, இப்ப டீம்ல இல்லைல்ல?"

செங்கமலம் சேற்றுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கிப் படுத்தது.

செய்தி 'மூங்கிலடி வெறியர்கள்' என்ற வாட்ஸப் குழுவுக்குப் போனது. அதற்குப் பிறகு காட்டில் யாரும் வேறு வேலை பார்க்கவில்லை. மாசிலாமணிக்கு எதிர்க்கரையில் தனிப் புற்று தருகிறார்களாம் என்றது ஒரு குரங்கு. புற்று மட்டுமில்லை, கரையானோடு தருகிறார்களாம் என்றது எறும்புத்தின்னி. கரையான் விஷயத்தில் எறும்புத்தின்னி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவருக்குப் பதிலாக மேற்கு மலையிலிருந்து யானை வருகிறது என்று அடுத்த தகவல் வந்தது. "யானை வந்தா கோல்ல சும்மா திரும்பி நின்னாப் போதும்டா. பந்து போக இடம் எங்க இருக்கு?" என்று தவசி எழுதியது. மூங்கிலடிச் சட்டை போட்ட யானையின் படம் ஒன்று உடனே தயாரானது. சட்டை ஒரு காதுக்குத்தான் எட்டியது. யானைக்கு இது எதுவும் தெரியாது. அது மேற்கு மலையில் தென்னை மட்டையை மென்றுகொண்டிருந்தது.

மாசிலாமணியும் அந்தக் குழுவில் இருந்தார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'நான் எங்கும் போகவில்லை. என் ரேஷன் கார்டில் பல்லி என்று' என்பது வரை நகத்தால் தட்டிக்கொண்டிருந்தபோது தவசி அவரைக் குழுவிலிருந்து நீக்கியது. "ஒருத்தரை வெச்சுக்கிட்டே அவரைப் பத்திப் பேசுறது நாகரிகம் இல்ல," என்று அது விளக்கம் தந்தது. அதன் பெருந்தன்மைக்கு நிறையப் பேர் கைகூப்பினார்கள்.

அடுத்த நாள் மாசிலாமணி குட்டைக்கு நேரிலேயே வந்துவிட்டார்.

"தம்பி தவசி, நான் எங்கயும் போகலப்பா. ஞாயித்துக்கிழமை நான்தான் நிக்கப்போறேன்."

தவசி மற்றவர்கள் பக்கம் திரும்பியது. "கேட்டுக்கிட்டீங்கல்ல? போகலைன்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரு. அப்ப உறுதிதான்."

மாசிலாமணி வாயடைத்துப் போனார்.

"பாருங்க, பேச மாட்டேங்கிறாரு," என்றது கரிச்சான். "கையெழுத்து போட்டாச்சுன்னா அப்புறம் வாயத் திறக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கும்."

அன்று பகல் முழுவதும் ரசிகர்கள் கொதித்தார்கள். 'அவர்' 'அவன்' ஆனார். பன்றிக்குப் பயந்து ஓடுகிறான் என்றார்கள். போன வருடம் விட்ட கோலைக் காசு வாங்கிக்கொண்டுதான் விட்டான் என்று குரங்கு சொன்னது. அந்த ஆட்டத்தில் கோல் போட்டது குரங்குதான், அதுவும் சொந்தக் கோலில். ஆனால் கோபமாக இருக்கும்போது அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

சாயங்காலம் செங்கமலம்தான் தணிவாகச் சொன்னது. "இத்தனை வருஷம் நமக்காக விழுந்து புரண்ட மனுஷன். திட்டி அனுப்பினா நல்லாவா இருக்கு? போறது போறாரு, ஒரு விழா எடுத்து மரியாதையா அனுப்பி வைப்போம்."

விழா என்ற சொல் வந்ததும் எல்லோருடைய முகமும் மாறிவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை. விழாக் குழு, உணவுக் குழு, மேடைக் குழு என்று வேலைகள் பிரிக்கப்பட்டன. பழக்கத்தில் வரவேற்புக் குழு ஒன்றையும் போட்டுவிட்டார்கள். வழியனுப்பு விழாவில் யாரை வரவேற்பது என்று அந்தக் குழு கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தது. ஃபிளக்ஸ் அடிக்கும் குரங்கிடம் உடும்பு படம் இல்லை. ஒரு முதலைப் படத்தைச் சின்னதாக்கி, 'மூங்கிலடியின் இரும்புக்கரமே, சென்று வருக!' என்று போட்டுக்கொடுத்தது. கீழே விழாக் குழுவினரின் படங்கள் முதலையை விடப் பெரிதாக இருந்தன.

வியாழக்கிழமை மாலை மாசிலாமணியைப் பயிற்சியின் நடுவில் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்துப் போனார்கள். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிவதற்குள் தவசி பொன்னாடையை விரித்துவிட்டது. பொன்னாடை தவசியின் முதுகில் மாட்டிக்கொண்டது. இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒரே பொன்னாடைக்குள் இருந்தார்கள். அது வெளியே வந்தபோது சல்லடையாக இருந்தது. ஆனாலும் போர்த்தினார்கள். அடுத்து நினைவுப் பரிசு. புது ஊருக்குப் போகிறவருக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று சக்கரம் வைத்த ஒரு பயணப் பெட்டி.

மைக் அவர் கைக்கு வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் எங்கயும் போகல," என்றார் மாசிலாமணி.

கைதட்டல் மூங்கில் புதரைக் குலுக்கியது. "உடம்புதான் போகுதாம், மனசு நம்மகிட்டயேதான் இருக்குமாம்," என்று விக்கி அழுதது செங்கமலம்.

"இல்லம்மா, உடம்பும் போகல. ரேஷன் கார்டுல என்னைப் பல்லின்னு..."

"தன்னைப் போய்ப் பல்லிங்கிறாரே! என்ன ஒரு தன்னடக்கம்!" என்றது எறும்புத்தின்னி. மறுபடி கைதட்டல்.

சரியாக அந்த நேரத்தில் ஆமை மேடையை வந்தடைந்தது. எப்போதோ ராஜினாமா செய்யக் கிளம்பிய அதே மேடை. மைக்கை வாங்கிய பிறகு எதற்கு வந்தோம் என்பது அதற்கு மறந்துபோனது. கூட்டத்தையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, மாசிலாமணியின் எதிர்காலம் சிறக்க வாழ்த்தி, வெகுநேரம் பேசியது. அதன் பிறகு எல்லோருக்கும் ஈசல் வறுவல் பரிமாறினார்கள். மறுப்புச் சொல்ல வாயைத் திறந்தபோதெல்லாம் மாசிலாமணியின் வாயில் யாராவது ஒருவர் ஊட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி பொன்னாடையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அந்தப் பக்கத்து மரம் நன்றாகத் தெரிந்தது.

"என்னங்க செய்யப்போறீங்க?"

"காலைல வழக்கம்போல பயிற்சிக்குப் போறேன். வேற என்ன?"

"போய்? எருமையம்மா அழுத அழுகையில குட்டைத் தண்ணியே ஏறிடுச்சு. நாளைக்கு நீங்க பாட்டுக்குப் போய்க் கோல்ல நின்னீங்கன்னா அவங்கல்லாம் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுப்பாங்க?"

"அதுக்காக ஊரை விட்டா போக முடியும்? நான் பொறந்த புத்துடி இது."

"வறுவல் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களா, இல்லையா?"

மாசிலாமணி வாயைத் துடைத்துக்கொண்டார். சாப்பிட்டிருந்தார்.

புற்று வாசலில் உட்கார்ந்து வடக்குக் கோல் கம்பத்தைப் பார்த்தார். அதன் அடியில் அவருடைய நகம் பட்டுப் பட்டு மண் குழிந்திருந்தது. அவருக்கு அழுகை வந்தது. பொன்னாடை போர்த்தியாகிவிட்டது, பெட்டியும் கொடுத்தாகிவிட்டது, இனி இங்கே இருந்தால் பெட்டிக்காக நாடகம் ஆடினான் என்பார்கள் என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் மனைவியோடு ஆற்றைக் கடந்தார். பெட்டியில் வைக்க அவரிடம் ஒன்றுமில்லை. சும்மாவே உருட்டிக்கொண்டு போனார்.

கரையில் நீர்நாய் நின்றிருந்தது.

"அண்ணே, நாங்க உங்களைக் கூப்பிடவே இல்லியே," என்றது மெல்ல.

"தெரியும்பா."

"எங்ககிட்ட கீப்பர் ஒருத்தர் இருக்காருண்ணே. நல்லாத்தான் பிடிக்கிறாரு."

"அதுவும் தெரியும்."

நீர்நாய்க்குப் பின்னால் மேளம் கேட்டது. கரிச்சான் இந்தக் கரையிலும் சொல்லிவிட்டுப் போயிருந்தது. எதிர்க்கரை ரசிகர்கள் வரவேற்பு பேனரோடு வந்துகொண்டிருந்தார்கள். அதிலும் அதே முதலைதான். நீர்நாய் அவர் காதருகே குனிந்தது. "எனக்கே பேனரைப் பார்த்துதாண்ணே விஷயம் தெரிஞ்சுது. இப்ப இல்லைன்னு சொன்னா என் பதவி போயிடும். ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு ஆட்டம் நின்னு குடுத்துடுங்க."

அங்கேயும் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். இதில் ஓட்டை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூங்கிலடியில் ஈ நுழைய இடமில்லை. மாசிலாமணி எதிர்க்கரைச் சட்டையில் வந்தபோது, விழாவில் அழுத அதே வாய்கள் ஊளையிட்டன. யானை வழியில் வந்துகொண்டிருப்பதாக விசில் ஊதும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊதிய பிறகு வேறு வழியில்லாமல் தவசியைக் கோலில் நிறுத்தினார்கள். அதன் வாழ்நாள் ஆசை அன்று நிறைவேறியது. எதிரணியில் ஒருவரும் அதன் பக்கத்தில் போகத் துணியவில்லை. தூரத்திலிருந்து அடித்த பந்துகளையும் அது மார்போடு அணைத்துப் பிடித்தது. பிடித்த பந்தெல்லாம் புஸ்ஸென்று போனது. கடைசி நிமிடத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பந்து. இரண்டு அணியும் கோல் போடவில்லை.

அப்போது மூங்கிலடிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தது முயல்.

மாசிலாமணி வடக்குக் கோல் கம்பத்தின் கீழ் நின்றார். பின்னால் அவருடைய பழைய புற்று. பக்கவாட்டில் பன்றிகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. இது கோலாக வேண்டும் என்று மைதானத்தில் யாரை விடவும் அவர்தான் அதிகம் விரும்பினார். முயல் எப்போதும் இடது மூலைக்குத்தான் அடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். பயிற்சியில் அந்தப் பந்துகளைப் பிடித்துப் பிடித்துத்தான் அவர் நகம் தேய்ந்திருந்தது. ஆகவே வலது மூலைக்குப் பாய்ந்துவிடுவது என்று முடிவு செய்தார். பந்து நிம்மதியாக உள்ளே போகட்டும். அதற்குப் பிறகு என்ன திட்டினாலும் திட்டட்டும்.

முயலும் யோசித்தது. 'நான் இடப்பக்கம்தான் அடிப்பேன்னு அவருக்குத் தெரியும். இப்ப எதிரியா வேற போயிட்டாரு. விடவே மாட்டாரு.' ஆகவே வாழ்க்கையில் முதல் முறையாக வலது மூலைக்கு அடித்தது.

பந்து நேராக வந்து மாசிலாமணியின் கையில் உட்கார்ந்தது. அவர் உதறினார். தரையில் தேய்த்தார். விடவில்லை. பிடித்ததை விடுவது அந்தக் கைக்குத் தெரியாது. நடுவர் நாரை ஆட்டம் முடிந்ததாக ஊதியது.

"பார்த்தீங்களா, என்ன வெறின்னு!" என்று கத்தியது தவசி. "நம்மள ஒழிச்சுக் கட்டணும்னே பாஞ்சான் பாருங்க!"

மறுநாளே பன்றிகள் இறங்கிவிட்டன. ஆமை மீண்டும் ராஜினாமாவை அறிவித்துவிட்டு மேடையைத் தேடிக் கிளம்பியது. மேடை இருந்த இடத்தில் இப்போது மரவள்ளிக்கிழங்குக் குழி.

ரசிகர்கள் வழக்கம்போல் குட்டையில் கூடினார்கள். கரிச்சானுக்கு இப்போது உட்காரத் தனிக் கிளை ஒதுக்கியிருந்தார்கள். மாசிலாமணி போவார் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னது அதுதானே? சொன்னபடியே போனாரா, இல்லையா? இப்படி ஒரு நம்பகமான ஆள் பக்கத்துக் காடுகளில்கூடக் கிடையாது என்று பேசிக்கொண்டார்கள். கரிச்சான் தொண்டையைச் செருமியது.

"அடுத்த சீசன்ல மாசிலாமணி திரும்ப நம்மகிட்ட வர்றாரு. பேச்சு முடிஞ்சிடுச்சு."

"எங்க வர்றது? கிளப்பே இல்லியே," என்றது செங்கமலம்.

"அதையெல்லாம் தலைவர் பார்த்துக்குவாரு," என்றது தவசி. அதன் முட்கள் மகிழ்ச்சியில் சிலிர்த்தன. "நான் அப்பவே சொன்னேன்ல, அவர் மனசு இங்கதான்னு? தங்கமான மனுஷன்யா." போன தடவை சும்மா நின்ற வரவேற்புக் குழுவுக்கு ஒருவழியாக வேலை வந்தது. குரங்கு முதலைப் படத்தைத் தேடி எடுத்தது.

செய்தி எதிர்க்கரைக்கும் போனது. அங்கே மாசிலாமணி மீண்டும் ரேஷன் ஆபீஸ் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். இப்போது பல்லியின் முகவரியையும் மாற்ற வேண்டியிருந்தது. கேட்டதும் வரிசையை விட்டு விலகி வீட்டுக்கு வந்தார். பயணப் பெட்டியைத் திறந்தார். இந்தத் தடவை வைப்பதற்கு இரண்டு பொன்னாடைகள் இருந்தன. இரண்டையும் மடித்து வைத்தார்.

"மைதானம்தான் இல்லியேங்க, எங்க கிளம்புறீங்க?" என்றார் மனைவி.

"தெரியும்," என்றார் மாசிலாமணி. "ஆனா விழாவுக்கு நாள் குறிச்சிட்டாங்களாம்."

*

நீதி: யாராவது பொன்னாடையோடு நெருங்கினால் முதலில் ஓடிவிட வேண்டும், எதற்கு என்பதைத் தூரத்தில் நின்று விசாரித்துக்கொள்ளலாம்.